திறப்புவிழாவுக்கு முன் விழுங்கக் கூடாது

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்த ஞானசிகாமணிக்கு மறக்கத் தெரியாத காரியம் ஒன்றே ஒன்று உண்டென்றால், அது பிரஷர் குளிகை போடுவதுதான். மற்றதெல்லாம் மறப்பார். சட்டைக்கு அளவெடுத்துவிட்டு அது யாருடைய அளவு என்பதை மறப்பார். ஞாயிற்றுக்கிழமை பைபிளை வீட்டில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனதும் உண்டு. ஆனால் காலையில் புட்டுக்கு உட்காரும் முன்னால் அந்தச் சின்ன வெள்ளைக் குளிகை உள்ளே போகாமல் இருந்ததில்லை.

இதில் அவருடைய சாமர்த்தியம் எதுவுமில்லை என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். "குளிகை போட்டாச்சா?" என்று அவர் மனைவி சுசீலாபாய் அடுக்களையிலிருந்து கேட்பாள். "இல்ல" என்பார். "பின்னே புட்டும் இல்ல" என்பாள். உடனே போடுவார். ஏற்பாடு மொத்தமும் இவ்வளவுதான். இதை நடத்த ஒரு டைரக்டரும் ரெண்டு ஜீப்பும் வேண்டுமென்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

சுசீலாபாய் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஞானசிகாமணியின் அண்ணன் ஞானையன் பாறசாலையில் வாழைக்குலை வியாபாரம் செய்தவர். அவருக்கும் இதே பிரஷர், இதே குளிகை. ஓணச் சந்தை மும்முரத்தில் கொஞ்ச நாள் போடாமல் விட்டார். சந்தையிலேயே குலைகளுக்கு நடுவே சரிந்தார். இடதுபக்கம் போனது போனதுதான். ஆஸ்பத்திரியில் கூட இருந்து கஞ்சி கோரிக் கொடுத்தவள் சுசீலாபாய். அவர் வாயோரத்தில் வழிந்ததைத் துடைக்கும்போதெல்லாம் தன் புருஷன் முகம்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று பிடித்த பயம் அது. பயத்தை அவள் அதட்டலாகத்தான் வெளியே விடுவாள், அவள் சுபாவம் அப்படி.

இப்படிச் சௌக்கியமாக நடந்துகொண்டிருந்த குடும்பத்துக்குள் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஔஷத ஓர்மை மிஷன் நுழைந்தது. ஓர்மை என்றால் ஞாபகம். ஜனங்கள் மருந்து போட மறந்துபோகிறார்கள், அதனால் நாட்டுக்குப் பெரிய நஷ்டம் என்று யாரோ எங்கோ ஒரு கருத்தரங்கில் பேசி, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அதை ஒத்துக்கொண்டு, அதன் விளைவாகப் பிறந்தது அந்த மிஷன். கதவைத் தட்டிய பெண் "மிஷன்லேருந்து வாறேன்" என்று சொன்னதும், ஊழியம் செய்ய வந்தவளென்று நினைத்து ஞானசிகாமணி நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஷெமி. மே மாச வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. சுசீலாபாய் நாரங்காய் பிழிந்து தண்ணீர் கொடுத்தாள். ஷெமி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கணக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"அங்கிளே, மருந்து போட மறக்குமா?"

"இல்ல மக்களே."

"எப்பளாவது?"

"ஒருக்காலும் மறக்காது. இவ விட்டாத்தானே."

ஷெமியின் முகம் வாடிவிட்டது. "மறக்காதவங்களுக்கு இதுல எடமே இல்ல அங்கிளே. கொஞ்சம் மறக்குறவங்க, நிறைய மறக்குறவங்க, எப்பளும் மறக்குறவங்க. இந்த மூணுதான் உண்டு. அப்ப நான் வேற வீட்டுக்குப் போணும்" என்று சொல்லி வாசல் வெயிலைப் பார்த்தாள்.

ஞானசிகாமணிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. "எது எழுதினா ஒனக்கு எளுப்பம்?" என்று கேட்டார்.

"எப்பளும் மறக்குறவர்னா வேற கேள்வியே இல்ல அங்கிளே. சட்டுனு தீரும்."

"அப்பம் அதையே எழுது. எனக்கென்ன."

அவருக்கென்ன என்பது அடுத்த வாரமே தெரிந்தது. ஜீப்பில் வந்த மிஷன் ஆட்கள் அலமாரியிலிருந்த குளிகைப் பட்டைகளை மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எப்போதும் மறக்கிறவர் கையில் மருந்தை விட்டுவைப்பது ஆபத்து, போட்டதை மறந்து திரும்பப் போட்டுவிடுவார் என்று விளக்கினார்கள். இனிமேல் மருந்து இலவசம், தினமும் வீடு தேடி வரும். கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை வரைக்கும் உள்ள மருந்துக்கடைகளுக்கெல்லாம் அவர் பெயர் போய்ச் சேர்ந்தது. மிஷனில் சேர்ந்த ஆளுக்குத் தனியாக மருந்து விற்றால் லைசென்ஸ் ரத்து. ஞானசிகாமணி கடைக்காரனிடம் கெஞ்சிப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க எப்பவும் மறக்குறவராம்லா. இப்பம் வாங்குனதையும் மறந்திருப்பிய" என்றான் அவன். தினம் பார்க்கிற ஆள்தான். அரசாங்கம் சொன்ன பிறகு சொந்தக் கண்ணை நம்ப அவனுக்குத் தைரியமில்லை.

குளிகை கொண்டுவர நியமிக்கப்பட்டவர் சந்திரசேனன். அவருக்கு ஓர்மை சகாயி என்று பதவிப் பெயர். நல்ல மனுஷர், நெற்றியில் சந்தனம், தோளில் பூட்டுப் போட்ட பை. ஆபீசில் கையெழுத்துப் போட்டு, ஒரு சாயா குடித்து, பேப்பர் படித்து, இன்னொரு சாயா குடித்துவிட்டுப் புறப்பட்டால் தையல்கடைக்கு வந்து சேரும்போது வெயில் உச்சியில் நிற்கும். வந்ததும் ஞானசிகாமணி மெஷினை விட்டு எழுந்து, கிழக்கே பார்த்து நின்று, பிரதிக்ஞை சொல்ல வேண்டும். "இன்று மருந்து போட வேண்டும் என்பதை ஔஷத ஓர்மை மிஷனின் உதவியால் நான் ஓர்மிக்கிறேன்." அதற்குப் பிறகு பூட்டு திறக்கும், குளிகை வெளியே வரும். விழுங்கியதும் "நாக்கு" என்பார் சந்திரசேனன். நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். பட்டன் வைக்க வந்த பெண்கள் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, தையல்காரருக்கு ஏதோ தோஷம், மந்திரவாதி வருகிறார் என்று ஊரில் சொல்லத் தொடங்கினார்கள்.

ஒருநாள் சுசீலாபாய் கடைக்குச் சோறு கொண்டுவந்தவள், பழக்கதோஷத்தில், "குளிகை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டாள். அப்போதுதான் சந்திரசேனன் பையைத் திறந்துகொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றது.

"சேச்சி இப்ப செய்தது சரியில்ல கேட்டோ. ஓர்மிப்பிக்கிறது எனக்குள்ள ஜோலி."

"நான் சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டதுதான் தப்பு. நான் இதுக்குப் பரீட்சை எழுதி, டிரெயினிங் எடுத்து வந்த ஆளு" என்று சொல்லிப் பையை மூடிவிட்டார். அன்றைக்குக் குளிகை இல்லை. ஏற்கெனவே ஒருவர் ஞாபகப்படுத்திவிட்டபடியால் அதற்குமேல் ஞாபகப்படுத்தச் சட்டத்தில் வழியில்லையாம்.

மறுநாள் யூனியன்காரர்கள் வந்து கடை முன்னால் வரிசையாக நின்றார்கள். திருவனந்தபுரத்தில் வீடு கட்டியவர்களுக்கு நோக்குகூலி என்றால் என்னவென்று தெரியும். லாரியில் வந்த சாமானை நாமே இறக்கிக்கொண்டாலும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சுமட்டுத் தொழிலாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய கூலி அது. ஓர்மை சகாயிகளின் யூனியன் அதே நியாயத்தைக் குளிகைக்கும் கொண்டுவந்திருந்தது. வீட்டுக்காரி ஞாபகப்படுத்தினால், ஞாபகப்படுத்தாமல் பார்த்துக்கொண்டு நின்ற தொழிலாளிக்கு நோக்குகூலி வேண்டும்.

"ஒரு தொழிலாளிக்க ஜோலியை முதலாளி தட்டிப் பறிக்கான்" என்றார் தலைவர்.

"இங்க ஆரு முதலாளி? நான் இவருக்குப் பெஞ்சாதியில்லா" என்றாள் சுசீலாபாய்.

"சேச்சி எத்தனை வருஷமா ஓர்மிப்பிக்குது?"

"கெட்டின நாள்லேருந்து."

"கூலி?"

"கூலியா? என்ன கூலி?"

தலைவர் தோழர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டில்லியா? கூலி வாங்காம ஜோலி எடுக்குது. இது முதலாளித்துவத்தைவிடக் கொடுமை" என்று சொல்லிவிட்டு, சேச்சிக்கு எதிராக ஒரு கோஷமும் சேச்சியின் விடுதலைக்காக ஒரு கோஷமும் போடவைத்தார். அன்றிலிருந்து சுசீலாபாய் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். காலையில் புட்டை எடுத்து வைத்துவிட்டு, வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து நிற்பாள். அந்த வீட்டில் அப்போது ஒழுங்காக நடந்துவந்த விழுங்கல் அது ஒன்றுதான்.

இதற்கு நடுவே ஹர்த்தால் வேறு. திருவனந்தபுரத்தில் ஹர்த்தாலுக்குப் பஞ்சமே கிடையாது. பெட்ரோல் விலைக்கு ஒன்று, பஸ் கட்டணத்துக்கு ஒன்று, போன ஹர்த்தாலில் போலீஸ் அடித்ததற்கு ஒன்று. அன்றெல்லாம் சந்திரசேனன் வரமாட்டார். "ஹர்த்தாலுக்கு எல்லாரும் சகரிக்கணும் சேட்டா, பிரஷரும் சகரிக்கணும்" என்றார். பிரஷர் ஒத்துழைக்கவில்லை. ஞானசிகாமணிக்குப் பிடரியில் கனம் ஏறியது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசம், கடையில் சீருடைத் துணி குவிந்து கிடந்தது. ஒரு பிள்ளையின் சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளையின் அப்பன் வந்து சண்டைக்கு நின்றபோது, எதற்குத் திட்டுகிறான் என்பதே அவருக்குச் சரியாக விளங்கவில்லை.

சுசீலாபாய் அந்தச் சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "செருப்பை மாட்டுங்க. டைரக்டரைப் பாத்துட்டு வருவோம்" என்றாள்.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடி முழுவதையும் மிஷன் வாடகைக்கு எடுத்திருந்தது. டைரக்டர் பத்மலோசனன் மேடை மலையாளம் மட்டுமே பேசுவார், மனைவியிடம் காப்பி கேட்பதுகூட அந்த மலையாளத்தில்தான் என்று சொல்வார்கள். தமிழில் சொன்னால் அவர் பேச்சு இப்படி வரும்.

"நீங்கள் என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள்?"

"குளிகை நேரத்துக்குக் கிட்டல சார்" என்றார் ஞானசிகாமணி.

"குளிகை போட வேண்டும் என்பது உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது."

"அது எப்பவும் உள்ளதுதான் சார்."

"நீங்கள் எப்போதும் மறக்கிறவர் அல்லவா?" டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். கண் கலங்கியது. மேஜையைச் சுற்றி வந்து ஞானசிகாமணியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எப்போதும் மறக்கிற ஒருவர், தானாகவே ஞாபகம் வந்து, பஸ் ஏறி, மூன்று மாடி நடந்து, மருந்து எங்கே என்று கேட்கிறார். மிஷனின் முதல் வெற்றி நீங்கள்!"

"சார், வெற்றி இருக்கட்டும். குளிகை வேணும். காலம்பற, புட்டுக்கு முன்ன" என்றாள் சுசீலாபாய். "இவருக்கு அண்ணன் ஒருபக்கம் விழுந்து கெடக்காரு. இவருக்கும் அப்படி வந்தா நான் என்ன செய்வேன்?"

டைரக்டர் பொறுமையாக விளக்கினார். "அம்மா, மருந்து உள்ளே போவது ஆரோக்கியத் துறையின் விஷயம். அதில் நாங்கள் தலையிட்டால் துறைகளுக்கிடையே மனஸ்தாபம் வரும். ஞாபகப்படுத்துவது மட்டுமே எங்கள் பொறுப்பு. இந்த வருஷம் ஒரு லட்சம் ஞாபகப்படுத்தல் எங்கள் இலக்கு, அதை ஓணத்துக்குள் முடித்துவிடுவோம். அதில் எத்தனை விழுங்கப்பட்டது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதிலில்லை. நல்லவேளையாக இதுவரை யாரும் கேட்டதுமில்லை."

"அப்பம் இவரை மிஷன்லேருந்து எடுத்துருங்க சார். நாங்க பழையபடி பாத்துக்கிடுதோம்."

டைரக்டர் முகத்தில் இருள் படிந்தது. "மறக்கிறவர்கள் ஆளுக்கு ஆள் இப்படி விலகினால் மிஷன் என்ன ஆகும்? எத்தனை சகாயிகள், எத்தனை டிரைவர்கள், அவர்களுக்கு எத்தனை குழந்தைகள்? உங்கள் கணவர் ஒருவர் மறக்காமல் இருப்பதால் எத்தனை அடுப்பு அணையும் என்று யோசித்தீர்களா?" சுசீலாபாய் அப்படி யோசித்திருக்கவில்லை. டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாக் குறையும் தீரப்போகிறது. மிஷனுக்கு இன்னும் திறப்புவிழா ஆகவில்லை. ஆகையால் நீங்கள் இதுவரை விழுங்கியதெல்லாம் தற்காலிக விழுங்கல். வருகிற வெள்ளிக்கிழமை மந்திரி வந்து தன் கையால் குளிகை எடுத்துக் கொடுப்பார். மேடையில் உட்கார்ந்து அதை வாங்கி விழுங்கப்போவது நீங்கள்தான்!"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் உத்காடனம் என்கிற திறப்புவிழா ஆகாத எதுவும் இருப்பதாகக் கணக்கில்லை. குழாயில் தண்ணீர் வந்தாலும் விழா நடக்கும்வரை அது தண்ணீரல்ல. பாலத்தில் பஸ் ஓடினாலும் ரிப்பன் வெட்டும்வரை அது பாலமல்ல. விழாவென்றால் நிலவிளக்கு, ஸ்வாகதம், தலைமையுரை, ஆசம்ஸை என்ற பெயரில் ஆளாளுக்கு வாழ்த்துரை, கடைசியில் நன்றியுரை. இதில் ஒன்று குறைந்தாலும் குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்பது போல எல்லாரும் நடந்துகொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கரமனை, சாலைக் கடைத்தெரு, மணக்காடு பக்கத்து மறதிக்காரர்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றித் தம்பானூர் ஹாலில் கொண்டுவந்து நிறைத்தார்கள். யாரும் அன்றைய மருந்தைப் போடவில்லை, போட விடவில்லை. மேடையில் மந்திரி எடுத்துக் கொடுக்க, ஞானசிகாமணி விழுங்க, அந்த நொடியிலேயே ஹால் முழுக்க எல்லாரும் விழுங்க வேண்டும். கூட்டு விழுங்கல் என்று அதற்குப் பெயர். அவரவர் பெயர் எழுதிய மருந்துப் பொட்டலங்கள் சகாயிகளின் பைகளில் பூட்டிக் கிடந்தன. முந்தின நாள் ஹர்த்தால், அன்றைக்கும் குளிகை இல்லை. ஞானசிகாமணி மேடை ஏறும்போதே படி ஆடியது. படி ஆடவில்லை, அவர்தான் ஆடினார்.

அவர் முன்னால் வெள்ளித்தட்டு, அதில் மல்லிகைப்பூ, பூவுக்கு நடுவில் குளிகை, மேலே பட்டுத்துணி. பக்கத்தில் சந்திரசேனன் புது வேட்டியில் காவல். மந்திரிக்காகச் சீவி வைத்த கரிக்கு என்கிற இளநீர் ஒன்று ஸ்ட்ராவோடு மேஜையில் இருந்தது. வேறு குடிக்க எதுவும் மேடையில் இல்லை. மந்திரி வருகிற வழியில் ஒரு கழிப்பறையையும் ஒரு நூலகத்தையும் திறந்துகொண்டிருந்தபடியால், அவர் வரும்வரை வாழ்த்துரைகளை நடத்துவது என்று முடிவாயிற்று.

டைரக்டர் வரவேற்றார். வராதவர்களைப் பெயர் சொல்லி வரவேற்றார், வந்தவர்களைப் பொதுவாக வரவேற்றார். அடுத்து ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் எழுந்தார். "மறதி இல்லாவிட்டால் ஓர்மைக்கு என்ன மதிப்பு? ஓர்மைக்கு மதிப்பில்லாவிட்டால் மிஷன் எதற்கு? மிஷன் இல்லாவிட்டால் நாம் இங்கே எதற்கு? ஆகையால் மறதிக்காரர்கள் நம்முடைய செல்வம். அவர்கள் பெருக வேண்டும்" என்றார். ஹால் கைதட்டியது. யூனியன் தலைவர் தன் முறைக்கு, "விழுங்குகிறவன் ஒருவன், அதைப் பார்த்து நிற்கிறவன் ஒருவன். இதில் பாடுபடுகிறவன் யார்?" என்று கேட்டார். பதில் தெரியாமல் ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

ஞானசிகாமணிக்குக் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. டைரக்டர் ரெண்டாகத் தெரிந்தார். ஒரு டைரக்டரையே சமாளிக்க முடியாத மனுஷர் அவர். கண்ணை மூடித் திறந்தார், அப்போதும் ரெண்டுதான். பிறகு இடது கைவிரல்கள் மரத்தன. மடியில் கிடந்த கையைப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலிருந்தது. சந்தையில் விழுவதற்கு முன்னால் கை மரக்குதுலே என்றுதான் அண்ணனும் சொன்னாராம். ஞானசிகாமணி பயந்துபோனார். இவ்வளவு பேர் நடுவில் எழுந்து சொல்வதற்குக் கூச்சம். சொல்லாமலிருக்கப் பயம். சந்திரசேனனிடம் மெதுவாக, "சேனா, நான் இதைப் போட்டுக்கிடட்டா?" என்றார்.

"அய்யோ சேட்டா, உத்காடனம் கழியாமலோ? மந்திரி இப்ப வந்துரும்."

பின்வரிசையிலிருந்து சுசீலாபாய் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் இடது கையை வலது கையால் தூக்கி மேஜைமேல் வைப்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு மிஷனும் தெரியவில்லை, மந்திரியும் தெரியவில்லை. எழுந்து நின்று, ஹால் அதிரக் கத்தினாள். "குளிகையைப் போடுங்க! இப்பமே போடுங்க!"

தொண்டர்கள் ஓடிவந்தார்கள். "சேச்சி இரி, இரி. பிரசங்கம் நடக்குது."

"பிரசங்கமா? எனக்க மாப்பிள அங்க உருண்டு விழுந்தா ஒங்க மந்திரியா வந்து கஞ்சி கோரிக் குடுப்பாரு?"

அந்தக் குரலுக்கு ஞானசிகாமணி எத்தனை வருஷமாகக் கீழ்ப்படிந்து பழகியவர். கை தானாகப் பட்டுத்துணியை விலக்கியது, பூவைத் தள்ளியது, குளிகையை வாயில் போட்டது. தண்ணீர் இல்லை. மந்திரியின் கரிக்கை எடுத்தார், ஸ்ட்ராவைக் கீழே போட்டார், அண்ணாந்து குடித்தார். மைக் பக்கத்தில் இருந்தபடியால் மடக்கென்ற சத்தம் ஒலிபெருக்கி வழியாகத் தம்பானூர் முழுக்கக் கேட்டது. சந்திரசேனன் தலையில் கை வைத்து, "எனக்க ஜோலி போச்சு" என்று அழுதார். அழுதுகொண்டே, பழக்கத்தில், "நாக்கு" என்றார். ஞானசிகாமணி நீட்டிக் காட்டினார்.

வெளியே சைரன் கேட்டது. மந்திரி வந்துவிட்டார்.

பத்மலோசனன் தட்டைப் பார்த்தார். பூ மட்டும் இருந்தது. ஏற்கெனவே விழுங்கியவரை வைத்து மந்திரி எதைத் திறப்பார்? அவர் மைக்கைப் பிடுங்கினார். மேடை மலையாளம் எங்கோ ஓடிப்போயிருந்தது. "வேகம், வேகம்! இன்னைக்கு மருந்து போடாத ஒரு ஆளு வேணும். ஒரே ஒரு ஆளு! போடாதவங்க ஆராவது உண்டுன்னா கை தூக்குங்க!"

ஹால் முழுக்கக் கை எழுந்தது. முன்வரிசை, பின்வரிசை, பால்கனி எங்கும் கை. கேள்வியைக் கேட்ட பிறகுதான் பலருக்கும் உறைத்தது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, இன்னும் மருந்து போடவில்லை! மணக்காட்டிலிருந்து வந்த மாடம்மாள் என்கிற கிழவி எழுந்து நேராகத் தன் சகாயியிடம் போய், "கொண்டா எனக்க குளிகையை" என்றாள்.

"அம்மச்சி, உத்காடனம் கழியல."

"கழிஞ்சாச்சுடே. அந்த அண்ணாச்சி கழிச்சு வச்சாரு. சத்தம் கேக்கலியா ஒனக்கு?"

பையை அவளே இழுத்துத் திறந்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் திறந்தார்கள். அவரவர் பெயரைத் தேடி எடுத்து, சட்டென்று வாயில் போட்டு, வராந்தாக் குழாயில் தண்ணீர் குடித்து, மத்தியானச் சோற்றுக்கு வீட்டைப் பார்க்கப் போனார்கள். யாரும் பிரதிக்ஞை சொல்லவில்லை, யாரும் நாக்கை நீட்டவில்லை.

டைரக்டர் திரும்பி மேடையைப் பார்த்தார். அங்கேயும் கை. பேராசிரியர் தூக்கியிருந்தார். யூனியன் தலைவர் தூக்கியிருந்தார். விடியலிலிருந்து தோரணம், பந்தல், மைக் என்று ஓடியதில் மேடையில் ஒருவரும் தங்கள் மருந்தைப் போட்டிருக்கவில்லை. டைரக்டரின் சொந்தக் கையே பாதி எழுந்திருந்தது, அதை இன்னொரு கையால் பிடித்து இறக்கினார். வாசலில் வந்து நின்ற மந்திரி, ஏதோ உறுதிமொழி போலிருக்கிறது என்று தானும் கையைத் தூக்கினார். என்ன கேள்வி என்று பி.ஏ. காதில் சொன்ன பிறகும் அவர் கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பி.ஏ. பைக்குள் துழாவிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரெண்டு பேரும் வந்த வேகத்தில் திரும்பிக் காரில் ஏறினார்கள். பின்னாலேயே டைரக்டரின் ஜீப்பும் போயிற்று. மேடை மளமளவென்று காலியாயிற்று.

பின்னால் மிஷன் வெளியிட்ட அறிக்கையில், ஒரே நேரத்தில் நூறு சதவீதம் பேர் மருந்தை ஓர்மித்த முதல் விழா என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அனுமதியில்லாமல் விழுங்கியதற்காகவும், மற்றவர்களுக்கு ஞாபகம் வரக் காரணமாயிருந்ததற்காகவும் ஞானசிகாமணியை நிரந்தரமாக நீக்கினார்கள். மருந்துக்கடைக்காரன் மறுபடி அவரை நம்ப ஆரம்பித்தான். அதெல்லாம் பிறகு நடந்தது.

அப்போது ஹாலில் மிச்சம் இருந்தவர்கள் மூன்று பேர். ஞானசிகாமணியால் எழுந்திருக்க முடியவில்லை. சுசீலாபாய் மேடையேறி அவர் பக்கத்தில், மந்திரிக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவர் இடது கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் குற்றாலலிங்கம். சாலைக் கடைத்தெருவில் பெருங்காய மொத்த வியாபாரி. விழாவுக்குப் பூவும் பந்தலும் அவர் உபயம், அதற்காக நன்றியுரை அவருக்கு. ஒரு மாசமாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பழகியவர் அதை வீணாக்க மனமில்லாமல் மைக் முன்னால் வந்து நின்றார். மாண்புமிகு மந்திரிக்கு நன்றி சொன்னார், டைரக்டருக்குச் சொன்னார், காலி நாற்காலிகளைப் பார்த்து, கடல்போலத் திரண்டிருந்த பொதுமக்களுக்குச் சொன்னார். பாதியில் எழுந்தால் மனுஷருக்கு வருத்தமாயிருக்குமே என்று ரெண்டு பேரும் முழுவதையும் உட்கார்ந்து கேட்டார்கள்.

முடித்துவிட்டு அவர் அருகில் வந்தார். "எப்படி இருந்து?"

"நல்லா இருந்து அண்ணாச்சி" என்றார் ஞானசிகாமணி.

குற்றாலலிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, வெட்கத்தோடு, "எனக்கும் ஷுகருக்குக் குளிகை உண்டும் பாத்துக்கிடுங்க. காலம்பற இந்தப் பூக்காரன் பின்னால ஓடினதுல..." என்று இழுத்தார்.

சுசீலாபாய் நிமிர்ந்து பார்த்தாள். "பின்னே இங்க நின்னு ஆருக்கு ஓய் நன்றி சொல்லுதீரு? ஓடும் வீட்டுக்கு! ஓடும்!"

பெருங்காய வியாபாரி கழுத்து மாலையைக் கழற்றாமல் அப்படியே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஹால் படிகளில் அவர் இறங்குகிற சத்தம் தேய்ந்துபோயிற்று.

"விரல் அசையுதா?" என்று கேட்டாள் சுசீலாபாய்.

ஞானசிகாமணி முதலில் சுண்டுவிரலை அசைத்தார். பிறகு மற்றதையும். அவள் பார்த்தாள், ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள், பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.